கஞ்சிக்கு எதிர்ச்சொல்

நான் கஞ்சி போட்ட சட்டை ஒன்று, எடுத்துப்போக ஆள் வராததால், தானே எழுந்து சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்து போயிருக்கிறது. பாதி வழியில் தெரு மாறிவிட்டது என்பது உண்மைதான். விலாசச் சீட்டைக் காலரில் தலைகீழாகக் குத்தியது என் தவறு. சட்டையைக் குறை சொல்லக் கூடாது.

இதை என் பேத்தி ஆறு வயதுவரை நம்பினாள். ஏழாம் வகுப்புக்கு வந்த பிறகு, நான் வாயைத் திறந்தாலே, "இருங்க தாத்தா, டிக்கெட் எடுத்துட்டு வந்துடறேன்" என்கிறாள். ஆனால் பாருங்கள், நான் சொன்னதையெல்லாம் உதறித் தள்ளியவள், நான் எழுதியதை மட்டும் கல்மேல் எழுத்தாக எடுத்துக்கொண்டிருந்தாள். வம்பு அங்கேதான் பிறந்தது.

எங்களுடையது சலவைக்கடை. முன்னால் துணி வாங்கும் நீள மேசை. பின்னால் இரண்டு இயந்திரம், ஒரு கஞ்சித் தொட்டி, இஸ்திரி மேசை. நீள மேசைக்கு அடியில் எட்டு மரப்பெட்டிகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. வாங்கிய துணி எந்தப் பெட்டியில் விழுகிறதோ, அதுவே அதன் தலையெழுத்து. முப்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பெட்டிகளுக்கு நீலச் சாயத்தில் ஆங்கிலப் பெயர் எழுதியவன் நான்தான். அப்போது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எட்டு வார்த்தை. பெட்டியும் எட்டு. ஒன்றுகூட வீணாகவில்லை.

ஒயிட் பக்கத்தில் கலர். தண்ணீர் படக் கூடாத கோட்டு வகையறாவுக்கு டிரை, மற்றதற்கு வாஷ். கஞ்சி வேண்டாத துணிக்கு சாஃப்ட், வேண்டிய துணிக்கு ஸ்டார்ச். தொங்கவிட்டுக் கொடுப்பதற்கு ஹேங், மடித்துக் கொடுப்பதற்கு ஃபோல்ட். முப்பது வருடம் ஒரு துணி வழி தவறியதில்லை. முதல் பத்தியில் வந்த சட்டை நீங்கலாக.

பேத்தியை வீட்டில் பொத்தான் என்போம். தவழுகிற வயதில் ஒரு பொத்தானை விழுங்கிவிட்டு, மறுநாள் இரண்டாகத் திருப்பிக் கொடுத்தவள். அந்தப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றாள், அவற்றைப் பார்த்துத்தான் முதல் ஆங்கில எழுத்துகளைப் படித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆங்கிலத் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து மேசையில் குப்புறப் போட்டாள். என் மகள், அதாவது அவள் அம்மா, அதை மல்லாத்தினாள். எதிர்ச்சொல் எழுதுக, பத்துச் சொற்கள். பத்துக்கு இரண்டு.

"ஒயிட்டுக்கு எதிர்ச்சொல் கலரா?" என்றாள் மகள்.

"ஆமா."

"டிரைக்கு வாஷ். சாஃப்ட்டுக்கு ஸ்டார்ச். ஏண்டி, டர்ட்டிக்கு சோப்பா?"

"அழுக்குக்கு எதிரி சோப்புதானேம்மா."

"எதிரியக் கேக்கல, எதிர்ச்சொல் கேட்டிருக்காங்க. லாஸ்ட், தொலைஞ்சு போனதுக்கு... சாக்ஸ்."

இதற்கு மாப்பிள்ளை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "அதுல ஒரு நியாயம் இருக்கு" என்றார்.

தாளின் அடியில் சிவப்பு மையில் டீச்சர் கேட்டிருந்தார்: 'இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?'

பொத்தான் பெட்டிகளைப் பார்த்தாள். மகள் பெட்டிகளைப் பார்த்தாள். மாப்பிள்ளை பெட்டிகளைப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

வெறும் மதிப்பெண் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். பொத்தான் பள்ளிக் கால்பந்து அணியின் கோலி, அதாவது கோல்கீப்பர். அடுத்த வெள்ளிக்கிழமை காலை வெளியூர்ப் போட்டிக்கு அணி பஸ் ஏறுகிறது. எந்தப் பாடத்திலாவது தோற்றவர்களுக்கு அந்த பஸ்ஸில் இடமில்லை என்பது பள்ளி விதி. வியாழக்கிழமை மறுதேர்வு, பத்துக்கு ஏழு வேண்டும். மாற்று கோலியாக இருந்த பெண்ணுக்கு மணிக்கட்டில் கட்டு. பொத்தான் கையுறையைத் துவைத்துத் தலையணைக்கு அடியில் வைத்து ஒரு வாரமாகிறது. அவள் அழவில்லை. கையுறையை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டாள். அழுதிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் குடும்பமே ஆலோசனை சொன்னது.

"ரொம்ப யோசிக்காத. எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு 'அன்' போட்டுட்டுப் போயிட்டே இரு. ஹேப்பி, அன்ஹேப்பி. முடிஞ்சுது" என்றார் மாப்பிள்ளை.

"ஒயிட்டுக்கு?"

"அன்ஒயிட்."

"அப்பா, நீங்க இஸ்திரி போடுங்க."

மகள் காரியக்காரி. "ஒரு நாளைக்கு நூறு தடவை கண்ணுல படுறது இந்தப் பெட்டிங்கதான். இதுலயே சரியானத எழுதி வெச்சுட்டா தானா மண்டையில ஏறிடும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, என் எழுத்துகளின்மேல் வெள்ளை பெயின்ட் அடித்து, கறுப்பில் புதிதாக எழுதினாள். ஒயிட் – பிளாக். டிரை – வெட். சாஃப்ட் – ஹார்டு. ஹேங்குக்குப் புத்தகத்தில் எதிர்ச்சொல்லே இல்லை. அதனால் அந்த ஜோடி மட்டும் உயிர் பிழைத்தது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்க இவகிட்ட இங்கிலீஷும் பேசக் கூடாது, கதையும் விடக் கூடாது. கடை விஷயத்துலயும் வாயத் தொறக்கக் கூடாது."

தப்புச் செய்தவன் நான். ஒப்புக்கொண்டேன். சொல்லாத கதைகள் வயிற்றில் தங்கி, செவ்வாய்க்கிழமைக்குள் இடுப்புப் பட்டையில் இரண்டு ஓட்டை தள்ளிப் போட வேண்டியதாயிற்று.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மகள் பெட்டியின் பெயரைப் படிப்பவள் அல்ல. கை போகிற இடத்துக்குத் துணி போகும். ஆனால் செவ்வாய் மத்தியானம் அவள் பல் டாக்டரிடம் போனாள். பின்கட்டை விட்டு வராத மாப்பிள்ளை முன்மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அவர் தங்கமான மனிதர். எழுதி வைத்ததை மீறமாட்டார். 'கதவைத் தள்ளவும்' என்று எழுதியிருந்தால், திறந்திருக்கிற கதவையும் தள்ளிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக் காவலாளி ஒரு கோணிப்பையை மேசைமேல் வைத்தார். "ஃபுட்பால் டீம் ஜெர்சிங்க. நாளைக்குச் சாயங்காலம் டீச்சரே வந்து வாங்கிக்கறேன்னாங்க."

அந்தப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிற அதே டீச்சர்தான் கால்பந்து அணிக்கும் பொறுப்பு. வேறு யாரும் கை தூக்காததால் வந்த பதவி என்று கேள்வி.

பதினான்கு ஜெர்சிகள், தடித்த பருத்தி. பதின்மூன்று நீலம், ஒன்று மஞ்சள். மழைச் சேற்றில் ஆடியபின் கழற்றிப் பையில் திணித்த பத்து நாளில் பலகையாக இறுகியிருந்தன. மாப்பிள்ளை ஒன்றை எடுத்து மேசைமேல் தட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து யாரென்று பார்த்தார்.

மாப்பிள்ளை குனிந்து பெட்டிகளைப் படித்தார். சாஃப்ட். ஹார்டு. ஜெர்சியை இன்னொரு முறை தட்டினார். சந்தேகமே இல்லை.

"மாப்பிள்ளை..." என்றேன்.

"மாமா. வெள்ளிக்கிழமை வரைக்கும்னு சொல்லியிருக்கா."

"இல்ல, அந்தப் பெட்டி..."

"நீங்க பேசக் கூடாது மாமா, நானும் கேக்கக் கூடாது. அவளுக்குப் பல் வேற வலி."

பதினான்கும் ஹார்டு பெட்டிக்குள் போயின. பின்கட்டுக்கு வந்ததும் அவற்றை அருமையாகத் துவைத்தார், ஒரு துளி சேறு மிச்சமில்லை. அதன்பின் வழக்கம்போல, மூலையில் இருக்கும் அந்தப் பழைய ஸ்டார்ச் பெட்டியிலிருந்து வந்த துணிக்குச் செய்யவேண்டியதைச் செய்தார். கஞ்சித் தொட்டியில் முக்கி எடுத்தார். ஹோட்டல் பரிமாறுபவர்களின் காலருக்கு என்று கலக்கி வைத்திருந்த கெட்டிக் கஞ்சி அது.

புதன்கிழமை அரை நாள்தான் பள்ளி. மத்தியானம் பொத்தான் வந்தபோது, பின்கட்டில் பதினான்கு ஜெர்சிகளும் தம் சொந்தக் காலில் நின்றுகொண்டிருந்தன. கால் இல்லை என்பது வேறு விஷயம். கொடியிலிருந்து இறக்கி வைத்த இடத்தில் நின்றன. மஞ்சள் மட்டும் ஓர் ஓரமாக, கோல் காக்க நிற்பதுபோல் நின்றது. நான் சத்தியமாக ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை.

பொத்தான் பையை இறக்காமலே மஞ்சளைத் தலைவழியாக மாட்டிப் பார்த்தாள். உள்ளே போன கைகள் பக்கவாட்டில் நீட்டியபடியே நின்றுவிட்டன.

"அம்மா! கைய மடக்க முடியல!"

மகள் வந்து பார்த்தாள். பிடுங்கிய பல்லின் இடம் இன்னும் வீங்கியிருந்ததால் அவளால் முழுதாகக் கத்த முடியவில்லை. கண்ணால் கத்தினாள்.

"என்னங்க இது? ஆட்டக்காரங்க ஜெர்சிக்குப் போயி யாராவது கஞ்சி போடுவாங்களா?"

"நான் எங்க போட்டேன்? ஹார்டா இருந்துச்சு, ஹார்டுல போட்டேன். நீதான எழுதி வெச்சிருக்க?"

"அது கஞ்சிப் பெட்டிங்க! முப்பது வருஷமா கஞ்சிப் பெட்டி!"

"அப்படின்னா கஞ்சின்னு எழுதியிருக்கணும்."

"எழுதித்தான இருந்துச்சு!"

"நீதான அழிச்ச?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

பொத்தான் மட்டும் சண்டையைக் கவனிக்கவில்லை. கைகளை நீட்டியபடியே, துணி காய வைக்கிற சட்டம்போல நடந்துபோய், முன்மேசைக்கு அடியில் குனிந்து பெட்டிகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அம்மா, அப்பா மேல தப்பில்ல" என்றாள்.

"அப்படிச் சொல்லு" என்றார் மாப்பிள்ளை.

"உங்க மேலயும் இல்லம்மா. சாஃப்ட்டுன்னு தாத்தா எழுதினது, துணிய எப்படிப் பண்ணிக் கொடுக்கணும்னு கேட்டா சொல்ற பதில். அதுக்கு எதிர்ல ஸ்டார்ச்தான் சரி. ஹார்டுன்னு அப்பா படிச்சது, துணி இப்ப எப்படி இருக்குன்னு கேட்டா சொல்ற பதில். கேள்வியே வேற. ரெண்டு வேற வேற கேள்வியோட பதிலப் பக்கத்துப் பக்கத்துல ஒட்டி வெச்சுட்டோம்."

பொத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் தொடர்ந்தாள். "பரீட்சையில நானும் இதத்தான் பண்ணியிருக்கேன். டர்ட்டி, துணி எப்படி இருக்குன்னு சொல்லுது. நான் சோப்புன்னு எழுதியிருக்கேன். சோப்பு என்ன, துணியோட நிலைமையா? அது ஒரு சாமான்." அவள் முகம் சுருங்கியது. "சாக்ஸும் சாமான்தான்."

"எல்லாம் சரி, மொதல்ல இதக் கழட்டு" என்று மகள் ஒரு கையை இழுக்க, மாப்பிள்ளை மறுகையை இழுக்க, பொத்தான் ஜெர்சியைவிட்டு வெளியே வந்தாள். ஜெர்சி கையை நீட்டியபடியே இருந்தது.

கஞ்சியை எடுப்பது கஷ்டமில்லை, சுடுதண்ணீரில் ஊறவிட்டு அலச வேண்டும். ஆனால் சுடுதண்ணீர் வருகிற இயந்திரம் ஒன்றுதான், அதற்கு ஒரு தடவைக்கு ஐந்து ஜெர்சிதான். மாலைக்குள் முடிக்க எல்லோரும் முனைந்தோம். பொத்தானுக்கு இயந்திரத்தின் திருகைக் கவனிக்கிற வேலை. அந்தத் திருகில் நான்கு குறிகள்: ஹாட், வார்ம், கூல், கோல்ட். ஊறுவதற்கு ஹாட், அலசுவதற்கு வார்ம், கடைசியில் கூல். மூன்றாவது முறை திருகும்போது அவள் கை பாதியில் நின்றுவிட்டது.

"ஹாட்டுக்கு எதிர்ச்சொல் கூல்னு எழுதியிருந்தேன். அரை மார்க் கொடுத்து, டீச்சர் அதையும் அடிச்சுட்டாங்க. ஏன்னு புரியல."

"ஏனாம்?" என்றார் மாப்பிள்ளை, ஜெர்சியைப் பிழிந்துகொண்டே.

"இங்க பாருங்க. ஹாட் இந்தக் கடைசி. எதிர்ல போகணும்னா அந்தக் கடைசி வரைக்கும் போகணும். கூல் பாதி வழி. வார்முக்குத்தான் கூல்." திருகை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். "இது எவ்வளவு தூரம் இந்தப் பக்கமோ, அது அவ்வளவு தூரம் அந்தப் பக்கம். ஆல்வேஸுக்கு சம்டைம்ஸ் இல்ல. நெவர்!"

"திருகோட விளையாடாத, தண்ணி ஆறிடப் போகுது" என்றாள் மகள். ஆனால் குரலில் கோபம் இல்லை.

பொத்தான் புத்தகத்தின் சொல் பட்டியலைக் கஞ்சித் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து, இது எந்தக் கேள்விக்குப் பதில், எவ்வளவு தூரம் என்று சத்தமாகக் கேட்டாள். அவளே பதிலும் சொன்னாள். எனக்குப் பல இடத்தில் நாக்குத் துறுதுறுத்தது. பல்லால் கடித்துப் பிடித்திருந்தேன்.

பத்து ஜெர்சிகள் அலசி முடிந்து, நான்கு இன்னும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தபோது, வாசலில் டீச்சர் வந்து நின்றார். ஒல்லியான பெண்மணி, தோளில் கனத்த பை. மகள் வாசலை மறைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் டீச்சர், நீங்க வேணும்னா..." என்றாள். டீச்சர் அவள் தோளுக்கு மேலாகப் பின்கட்டைப் பார்த்தார்.

"அந்த நாலு பேரும் யாரு?" என்றார்.

"ஜெர்சி, டீச்சர்" என்றாள் பொத்தான்.

"நிக்குதே."

"கஞ்சி, டீச்சர்."

டீச்சர் மேசையில் கையை ஊன்றினார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்கே முடிவாகவில்லை. தலையைக் குனிந்தபோது பெட்டிகள் கண்ணில் பட்டன. மகள் அடித்த வெள்ளை பெயின்ட் மட்டமான சரக்கு. நாலு நாளில் என் நீல எழுத்து அடியிலிருந்து எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. டீச்சர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ஒயிட், கலர். டிரை, வாஷ். சாஃப்ட், ஸ்டார்ச்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதானா!" என்றார். "அஞ்சு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. இந்தப் பொண்ணு நல்ல பொண்ணாச்சே, ஏன் என்னைக் கிண்டல் பண்ணுறா, நான் என்ன பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு... டிரைக்கு வாஷுன்னு எழுதினா நான் என்னன்னு நெனைக்கிறது?"

"ஐயோ, கிண்டல் இல்ல டீச்சர்!"

"தெரியுதும்மா, தெரியுது." கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த ஈரம். "சரி, இப்பச் சொல்லு. சாஃப்ட்டுக்கு எதிர்ச்சொல் என்ன?"

மாப்பிள்ளை பிழிந்துகொண்டிருந்த ஜெர்சியைக் கீழே வைத்தார்.

"முழு வாக்கியமும் சொல்லுங்க டீச்சர்" என்றாள் பொத்தான். "நாற்காலியப் பத்தியா, ஒருத்தர் பேசற குரலப் பத்தியா? நாற்காலின்னா ஹார்டு. குரல்னா லவுடு. இந்தக் கடைன்னா..." என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். "இந்தக் கடைக்குள்ள மட்டும் ஸ்டார்ச்."

டீச்சர் பையிலிருந்து ஒரு கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தார். "என் பேப்பர்லயே குறை இருக்கு" என்றார் மெல்ல. "வெறும் சொல்லா கேட்டிருக்கக் கூடாது. நாளைக்கு வாக்கியத்தோட கேக்கறேன், எல்லாருக்கும்." எழுந்துகொண்டார். "ஆனா பாசம் வேற, பாஸ் வேற. ஏழு வாங்கணும். விதி விதிதான்."

அன்றிரவு கையுறை அலமாரியிலேயே இருந்தது. அதை நான் கவனித்தேன்.

வியாழக்கிழமை மாப்பிள்ளை ஒரே தலையணை உறையைப் பதினோரு முறை இஸ்திரி போட்டார். அது கண்ணாடியாகி, அதில் அவர் முகம் தெரிந்தது. பார்த்துத் தலை வாரிக்கொண்டார். நாலு மணிக்குத் தெருமுனையில் பொத்தான் தெரிந்தாள். ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள். என் வயிற்றில் இருந்த கதையெல்லாம் கல்லாகிவிட்டது. இந்த எட்டுப் பெட்டிக்கும் பெயர் எழுதிய கையை என்ன செய்யலாம் என்று யோசித்தேன்.

வாசலில் வந்து நின்றாள். "காலுல கொப்புளம்" என்றாள். "ஷூ கடிக்குது. ஏழு."

"ஏழா?" என்றாள் மகள்.

"ஏழு."

மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். அப்புறம் போட்டார். அப்புறம் மறுபடி அணைத்தார். எனக்கு இடுப்புப் பட்டை தானாகவே இரண்டு ஓட்டை தளர்ந்தது. அப்படியொரு பெருமூச்சு.

தாளை வாங்கிப் பார்த்தோம். தவறிய மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில், 'கிட்டத்தட்ட சரி, இன்னும் கொஞ்ச தூரம் போ' என்று டீச்சர் எழுதியிருந்தார்.

"எது ரொம்ப சுலபமா இருந்துச்சு?" என்றார் மாப்பிள்ளை.

"நாலாவது. ட்ரூத்துக்கு லை. அதுக்கு யோசிக்கவே இல்ல. தாத்தா ஞாபகம் வந்துச்சு, எழுதிட்டேன்."

வீட்டில் நமக்கும் ஒரு மதிப்பெண் உண்டு என்பதில் எனக்குத் திருப்தி.

சாயங்காலம் பெட்டிகளுக்கு மறுபடி பெயின்ட் அடித்தோம். இந்த முறை எழுதியவள் பொத்தான். தமிழில். அந்த மூலை ஜோடிக்கு ரொம்ப நேரம் யோசித்தாள். கடைசியில் ஒன்றில் 'கஞ்சி வேணும்', மற்றதில் 'கஞ்சி வேண்டாம்' என்று எழுதினாள். "சில வார்த்தைக்கு எதிர்ச்சொல்லே கிடையாது தாத்தா. வேண்டாம்னுதான் சொல்லணும்" என்றாள். மாப்பிள்ளை இரண்டையும் இரண்டு முறை படித்துப் பார்த்து, இனி யார் வந்தாலும் மேசையில் உட்காரத் தயார் என்றார். மகள் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். பொத்தான் மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, கையுறையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தாள். டீச்சர் பெயர்ப் பட்டியலில் டிக் போட்டார். பஸ் கிளம்பி வளைவு திரும்பும்வரை மகள் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிய பிறகும் கொஞ்சம் ஆட்டினாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை ஆயிடுச்சு. இனிமே பேசலாம்" என்றாள் என்னிடம்.

அன்று ராத்திரி போட்டியின் முடிவு தெரிந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம், எங்கள் பக்கம். கோலைப் போட்டது நடுக்கள ஆட்டக்காரி என்று பொத்தான் சொல்கிறாள். அவள் சின்னப் பெண், ஆட்டத்துக்குள்ளே இருந்ததால் முழுதும் பார்த்திருக்க மாட்டாள். நான் ஊரிலிருந்தே தெளிவாகப் பார்த்தேன். புதன்கிழமை அவசரத்தில் அலசியபோது, மஞ்சள் ஜெர்சியின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கஞ்சி மிச்சமிருந்தது. கடைசி நிமிடத்தில் எதிரணிப் பெண் உதைத்த பந்து அந்த இடத்தில் பட்டு, டங்கென்று ஒரு சத்தம் எழுப்பி, மைதானம் முழுதும் பறந்து, எதிர்க் கோலுக்குள் போய் வலையைக் கிழித்து, அதற்குப் பின்னால் நின்ற பஸ்ஸின் ஹாரனை அடித்துவிட்டுத்தான் நின்றது.

பொத்தான் ஷூவைக் கழற்றிக் கொப்புளத்தைத் தடவிக்கொண்டே முழுக்கக் கேட்டாள். டிக்கெட் எடுக்கக் கிளம்பவில்லை.